பிறப்பால் வந்த நாற்காலி



2016 ஏப்ரலில் பிரிட்டனின் பிரபுக்கள் சபைக்கு ஓர் இடைத்தேர்தல் நடந்தது. வேட்பாளர்கள் ஏழு பேர். வாக்காளர்கள் மூன்றே பேர். மூன்று வாக்கும் ஜான் தர்சோ என்பவருக்கே விழுந்தன. மற்ற ஆறு பேருக்கும் ஒரு வாக்குகூட இல்லை. வாக்களிக்கிறவர்களைவிடப் போட்டியிடுகிறவர்கள் அதிகம் என்ற செய்தியை அன்று பல பத்திரிகைகள் வியப்போடு வெளியிட்டன. அந்த இடம் எப்படிக் காலியானது, அதுவரை அதில் இருந்தவர் யார் என்று கேட்டவர்கள் குறைவு. இந்த மாதம் உங்களோடு பேச நினைப்பது அவரைப் பற்றித்தான்.

அண்மையில் நடந்த வாசகர் சந்திப்பில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து கேட்டார்: “அப்பாவுக்குப் பிறகு மகன் என்று சட்டம் இயற்றும் சபையில் போய் உட்கார இந்தக் காலத்திலும் ஒரு நாடு எப்படி அனுமதிக்கிறது? அப்படி உட்கார்ந்தவர்களால் யாருக்காவது நல்லது நடந்திருக்கிறதா?” கேள்வியின் முதல் பாதிக்கு அங்கேயே ஓரளவு பதில் சொல்லிவிட்டேன். இரண்டாம் பாதிக்கு நின்றபடியே பதில் சொல்ல மனம் வரவில்லை. அதற்கு ஒரு மனிதரின் முழு வாழ்க்கையையும் சொல்லியாக வேண்டும்.

அவர் பெயர் எரிக் லப்பக். ஏவ்பரி என்ற பட்டத்தின் நான்காவது பிரபு. 1928-ல் பிறந்து 2016 பிப்ரவரி 14-ல், 87-வது வயதில், இரத்தப் புற்றுநோயால் காலமானார்.

பரம்பரைப் பிரபு என்றதும் கோட்டையும் குதிரைகளும் ஆயிரம் ஏக்கர் நிலமும் நினைவுக்கு வரும். அப்படி வாழ்கிறவர்கள் இன்றும் உண்டு. ஏவ்பரி அப்படி வாழ்ந்தவர் இல்லை. கென்ட் பகுதியில் இருந்த ஹை எல்ம்ஸ் என்ற குடும்ப மாளிகையும் தோட்டமும் 1938-லேயே மாவட்ட நிர்வாகத்துக்கு விற்கப்பட்டுவிட்டன. மாளிகை 1967-ல் தீப்பிடித்து அழிந்தது. அந்த இடம் இப்போது பொதுமக்கள் உலாவும் பூங்கா. எரிக் ஆக்ஸ்ஃபோர்டில் பொறியியல் படித்தார். படைப்பிரிவில் சில காலம் பணியாற்றிவிட்டு ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய மனிதர்.

ஆனால் அந்தக் குடும்பத்தில் சொத்தைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. எரிக்கின் தாத்தா சர் ஜான் லப்பக் வங்கியாளர், விஞ்ஞானி, லிபரல் நாடாளுமன்ற உறுப்பினர். சார்லஸ் டார்வினின் பக்கத்து ஊர்க்காரர். டார்வினின் இறுதி ஊர்வலத்தில் பேழையைச் சுமந்தவர்களில் ஒருவர். எறும்புகளையும் தேனீக்களையும் ஆண்டுக்கணக்கில் கவனித்துப் புத்தகம் எழுதியவர். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று நம் பள்ளிப் பாடப்புத்தகங்களிலும் இருக்கிற பிரிவினையை 1865-ல் வகுத்தவர் அவர்தான். தொழிலாளர்களுக்கும் எழுத்தர்களுக்கும் ஆண்டில் சில நாளாவது ஓய்வு கிடைக்க வேண்டும் என்று 1871-ல் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வில்ட்ஷயரில் ஏவ்பரி என்ற சிற்றூரைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையான கல்வட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே மனை போட்டு வீடு கட்ட ஏற்பாடு நடந்தபோது நிலத்தைத் தாமே விலைகொடுத்து வாங்கிக் கற்களைக் காப்பாற்றினார். 1900-ல் அரசு அவரைப் பிரபுவாக்கியபோது அந்த ஊரின் பெயரையே பட்டமாக எடுத்துக்கொண்டார். 1884-ல் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்துக்காக ஒரு சங்கத்தையும் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு வாக்குக்கும் மதிப்பு இருக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. பேரனும் வாழ்நாள் முழுவதும் அதையே சொன்னார்.

எரிக் அரசியலுக்கு வந்தது பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அல்ல. 1961-ல் ஓர்பிங்டன் நகர்ப்புறக் கவுன்சிலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அந்தத் தொகுதியின் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் நீதிபதி பதவிக்குப் போக, இடைத்தேர்தல் வந்தது. லண்டனுக்கு வேலைக்குப் போய்வருகிற நடுத்தர வர்க்கத்தினர் நிறைந்த தொகுதி. 1959 பொதுத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி 14,760 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த இடம். அங்கே லிபரல் கட்சி நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1962 மார்ச் 14-ல் வாக்குப்பதிவு. லப்பக்குக்கு 22,846 வாக்குகள், கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கு 14,991. வித்தியாசம் 7,855. தொழிற்கட்சி டெபாசிட்டை இழந்தது. நாடே அதிர்ந்தது. அதையொட்டி வந்த மற்றத் தோல்விகளும் சேர்ந்து பிரதமர் மேக்மில்லனை உலுக்கின. அதே ஜூலையில் அவர் தம் அமைச்சரவையில் ஏழு பேரை ஒரே மூச்சில் நீக்கினார்.

முப்பத்து மூன்று வயது பொறியாளர் ஒரே இரவில் ஊரறிந்த மனிதரானார். மறு ஆண்டே கட்சியின் கொறடா. அந்தப் புகழை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதைத்தான் நான் உங்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பிரிட்டனில் ஜிப்சிகள் என்று அழைக்கப்படுகிற நாடோடி மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். அவர்களில் ரோமா மக்களின் முன்னோர் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை மொழியாய்வும் மரபணு ஆய்வும் உறுதிசெய்திருக்கின்றன. பழ அறுவடைக்கும் பண்ணை வேலைக்கும் ஊர் ஊராகப் போவார்கள். விவசாயிகளின் நிலத்தில் வண்டியை நிறுத்தித் தங்குவார்கள். 1960-ல் வந்த ஒரு சட்டம், உரிமம் இல்லாமல் யாரும் தங்கள் நிலத்தில் இப்படி வண்டிகளை நிறுத்த விடக்கூடாது என்றது. நில உரிமையாளர்கள் பயந்து விரட்டினார்கள். பொது நிலத்துக்குப் போனால் கவுன்சில் விரட்டியது. சாலையோரம் நின்றால் போலீஸ் வந்தது. 1962 ஜனவரியில் கென்ட் பகுதியின் டேரந்த் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் கடுங்குளிரில் ஏ2 நெடுஞ்சாலை ஓரத்தில் கிடந்தன. லப்பக் ஜெயித்த தொகுதிக்கு அருகேதான் இது.

சாலையோரத்தில் ஒரு குடும்பம் வாழ்வதென்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். குடிக்கத் தண்ணீருக்கு யார் வீட்டுக் கதவையாவது தட்ட வேண்டும். கழிப்பறை கிடையாது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு லாரிகள் விரையும் சாலைக்கு ஓரடி தள்ளிச் சமைக்க வேண்டும். விலாசம் இல்லாததால் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெரும்பாடு. சேர்த்தாலும் அடுத்த வாரம் வேறு ஊர். பிரசவத்துக்கு நாள் குறித்த பெண்ணாக இருந்தாலும் அதிகாரி வந்து “கிளம்பு” என்றால் கிளம்பித்தான் ஆக வேண்டும். இவர்களுக்காகப் பேசினால் ஒரு ஓட்டும் கூடுதலாகக் கிடைக்காது. பக்கத்துத் தெருக்காரர்களின் ஓட்டு நிச்சயம் குறையும். எந்த நாட்டு அரசியல்வாதியும் ஒதுங்கிப்போகிற விஷயம் இது.

தனிநபர் மசோதா கொண்டுவர லப்பக்குக்குக் குலுக்கலில் வாய்ப்புக் கிடைத்தது. அது ஒரு சாதாரண உறுப்பினருக்கு எப்போதாவது வாய்க்கிற அதிர்ஷ்டம். தொகுதிக்காரர்கள் கைதட்டுகிற மாதிரி ஏதாவது கொண்டுவந்திருக்கலாம். அவர் கொண்டுவந்தது 1968-ம் ஆண்டின் கேரவன் தங்குமிடச் சட்டம். தங்கள் பகுதியில் வசிக்கிற, வந்துபோகிற ஜிப்சிகளுக்குப் போதிய தங்குமிடம் அமைத்துத் தருவது உள்ளாட்சிகளின் கடமை என்று அது சொன்னது. “முடிந்தால் செய்யுங்கள்” என்ற தயவு இல்லை, கடமை. 1970-ல் அது நடைமுறைக்கு வந்த பிறகு நூற்றுக்கணக்கான தங்குமிடங்கள் உருவாயின. தண்ணீர்க் குழாய், கழிப்பறை, சொந்தமாக ஒரு விலாசம். எத்தனையோ பிள்ளைகள் முதல்முறையாகத் தொடர்ந்து பள்ளிக்குப் போனார்கள். பல கவுன்சில்கள் இழுத்தடித்தன என்பதும் உண்மைதான். 1994-ல் அன்றைய அரசு அந்தக் கடமையையே சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. அப்போது பிரபுக்கள் சபையில் இருந்த ஏவ்பரி அதை எதிர்த்தார். அதன் பிறகும் அந்த மக்களுக்காகப் பேசுவதை அவர் நிறுத்தவில்லை.

அதே 1968-ல் இன்னொன்றும் நடந்தது. கென்யாவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் பலரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. அங்கே நெருக்கடி முற்றி அவர்கள் பிரிட்டனுக்குப் புறப்பட்டபோது, தொழிற்கட்சி அரசு மூன்றே நாளில் ஒரு குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றிக் கதவை மூடியது. கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தும் பிரிட்டனுக்குள் நுழைய முடியாத மக்கள் ஆகிவிட்டார்கள் அவர்கள். எதிர்த்து நின்ற சிறு கூட்டத்தில் லப்பக்கும் அவருடைய லிபரல் சகாக்களும் இருந்தார்கள். வேறு எந்தக் குடியுரிமையும் இல்லாத அத்தகைய பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமக்களுக்கு முழுக் குடியுரிமை பெறும் வழி 2002-ல்தான் திறந்தது. இடையில் 34 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த வழியைத் திறந்த சட்டம் விவாதத்துக்கு வந்தபோதும் நாடாளுமன்றத்தில் அவர் இருந்தார், மறு சபையில். ஒரு அநீதி நடந்ததைப் பார்த்தவர், அது திருத்தப்படும்வரை கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1970 பொதுத் தேர்தலில் ஓர்பிங்டனில் தோற்றார். மறு ஆண்டே அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரான மூன்றாம் ஏவ்பரி பிரபு ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோக, பட்டம் எரிக்கைத் தேடி வந்தது. அவர் மனுப்போடவில்லை. யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. தாத்தா வழியில் அடுத்த ஆண் வாரிசு அவர், அவ்வளவுதான் தகுதி. பெரும்பாலான பிரபுப் பட்டங்கள் ஆண் வழியில்தான் இறங்கும். மூத்த பிள்ளை மகளாக இருந்தால் அவளைத் தாண்டித் தம்பிக்கு. தம்பியும் இல்லையென்றால் சித்தப்பா மகனுக்கு. பிரபுக்கள் சபையில் 1999-க்குப் பின் எஞ்சியிருந்த பரம்பரை இடங்களில் ஒரே பெண்ணாக இருந்த மார் சீமாட்டி 2020-ல் ஓய்வு பெற்றதும், அந்த வரிசையில் ஒரு பெண்கூட இல்லாமல் போனது.

பிரபுவான அன்றோடு லப்பக் என்ற கையெழுத்தும் போய்விட்டது. பிரபுக்கள் பட்டப் பெயரை மட்டும்தான் கையெழுத்தாகப் போடுவார்கள். ஏவ்பரி. இன்னொன்றும் போனது: பொதுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை. பிரபுக்கள் சபையில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. வாக்குரிமை வயதைப் பதினெட்டாகக் குறைக்க வேண்டும் என்று சட்டம் வருவதற்கு முன்பே வாதாடியவர்; விகிதாசாரத் தேர்தலுக்காக ஆயுள் முழுக்கப் பேசியவர்; 1971 முதல் இறக்கும்வரை ஒரு பொதுத் தேர்தலில்கூட வாக்குச்சாவடிக்குப் போக முடியவில்லை.

சரி, பதவியில் என்னதான் இருந்தது? சம்பளம் இல்லை. சபைக்கு வந்த நாளுக்கு ஒரு படி உண்டு. தொகுதி இல்லை, தொகுதி அலுவலகம் இல்லை. இருந்தது ஒரே ஆயுதம்: கேள்வி. உறுப்பினர் எழுத்தில் ஒரு கேள்வி கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் அச்சாகிப் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும். ஏவ்பரி இதன் வலிமையை நன்றாக அறிந்திருந்தார். தொலைதூரச் சிறை ஒன்றில் யாரோ ஒருவர் விசாரணை இல்லாமல் அடைபட்டிருப்பார். அவருடைய பெயரை லண்டனில் ஒருவர் சபையில் எழுப்புவார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டிய அதிகாரி, தூதரகத்தைக் கேட்பார். தூதரகம் அந்த நாட்டு அரசைக் கேட்கும். உள்ளே இருக்கிற கைதி ஒருவரை வெளியே பெயர் சொல்லித் தேடுகிறார்கள் என்று சிறை நிர்வாகத்துக்குத் தெரிந்துவிட்டால், அதன் பிறகு அவரைக் காணாமல் போகச் செய்வது அவ்வளவு எளிதல்ல. இதைத்தான் அவர் ஆண்டுக்கணக்கில், வாரம் தவறாமல் செய்தார். கடிதம், கேள்வி, மறுபடி கடிதம். அலுக்காமல் செய்தார் என்பதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். ஒரு நாள் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவது எல்லோராலும் முடியும்.

1976-ல் நாடாளுமன்ற மனித உரிமைக் குழுவைத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் தலைமை வகித்தார். கட்சி பேதமில்லாமல் இரு சபை உறுப்பினர்களும் அதில் இருந்தார்கள். கிழக்குத் தீமோர், பெரு, குர்து மக்கள், பஹ்ரைன், பாகிஸ்தானின் அகமதியர்கள், வங்கதேசத்தின் சிட்டகாங் மலைவாழ் மக்கள் என்று அவர் குரல் கொடுத்தவர்களின் பட்டியல் நீளும். இவர்களில் யாருக்கும் பிரிட்டனில் ஓட்டு வங்கி கிடையாது. செய்தித்தாளில் இடமும் குறைவு. சிட்டகாங் மலைப்பகுதி ஆணையத்தின் இணைத் தலைவராக எண்பது வயதைத் தொடும் நேரத்திலும் உழைத்தார்.

நம் வாசகர்களில் இலங்கைத் தமிழர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களில் மூத்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. 1983 ஜூலையின் கொடுமைகளுக்குப் பிறகு, இலங்கையில் என்ன நடக்கிறது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தொடர்ந்து கேட்டவர்களில் அவர் ஒருவர். அவருடைய குழுவின் சார்பில் 1985 பிப்ரவரியில் தொழிற்கட்சி உறுப்பினர் ஒருவரும் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ஒருவரும் இலங்கைக்குப் போய்வந்து, அந்த நாடு பிளவுபட்டுக்கொண்டிருக்கிறது என்ற பொருளில் தலைப்பிட்டு ஓர் அறிக்கை எழுதினார்கள். அந்த ஆண்டுகளில் பிரிட்டன் நம் அகதிகளை எப்படி வரவேற்றது என்பது பலருக்கு மறந்திருக்கலாம். 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் இறங்கிய தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்கள் விமான நிலையத்தில் குளிரில் ஆடைகளைக் களைந்து நின்று தடுத்தார்கள். அதைத் தொடர்ந்து, உரிய ஆவணம் இல்லாதவர்களை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கிற சட்டமும் வந்தது. ஓர் அகதி அன்று யாரிடம் போய் நிற்பது? அவருக்கு வாக்கு இல்லை. அவர் எந்தத் தொகுதிக்காரரும் இல்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. தொகுதி இல்லாத ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், தொகுதி இல்லாத மனிதர்களுக்கு உறுப்பினராக இருந்தார். எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்று பார்க்காமல் குடியேற்ற வழக்குகளை அவர் எடுத்துக்கொண்டு உள்துறைக்கு எழுதியதைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. ஏவ்பரி பௌத்தர். பிரிட்டிஷ் சிறைகளில் பௌத்தக் கைதிகளுக்கு ஆறுதல் பணி செய்யும் அங்குலிமாலா அமைப்பின் புரவலராக இருந்தார். இலங்கையில் பௌத்தத்தின் பெயரைச் சொல்லி அரசியல் நடத்தியவர்களை நாம் அறிவோம். அதே புத்தரைப் பின்பற்றிய ஒருவர் லண்டனில் இருந்துகொண்டு இலங்கைத் தமிழர்களின் மனித உரிமைக்காகப் பேசினார் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஒரு மதத்தை அதன் பெயரால் நடக்கிற அரசியலை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

மதத்தைப் பற்றிய அவர் பார்வை தெளிவானது. இங்கிலாந்தில் தெய்வ நிந்தனை என்ற பழைய குற்றம் சட்டத்தில் இருந்தது. அது கிறிஸ்தவத்துக்கு மட்டுமே பாதுகாப்புத் தந்தது. 2002-ல் அதை நீக்க அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். உடனே நிறைவேறவில்லை, ஆனால் அதை ஆராயத் தனிக் குழு அமைந்தது. 2008-ல் அந்தக் குற்றம் சட்டத்திலிருந்து நீங்கியது.

1999-ல் டோனி பிளேர் அரசு பரம்பரைப் பிரபுக்களின் இருக்கை உரிமையை ஒழித்தது. சுமார் 750 பேர் இருந்த இடத்தில் 92 பேர் மட்டும் தற்காலிகமாகத் தொடரலாம் என்று சமரசம். இரண்டு பேர் பதவி வழியில். மற்றவர்களைத் தேர்தல் நடத்திப் பிரபுக்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் 75 சொல்லுக்குள் தம்மைப் பற்றி எழுதித்தரலாம். ஏவ்பரி இருந்த லிபரல் டெமாக்ரட் குழுவுக்கு ஒதுக்கப்பட்டவை மூன்றே இடங்கள். வரலாற்றாசிரியர் கான்ராட் ரஸ்ஸல், ஆடிங்டன் பிரபு, ஏவ்பரி ஆகிய மூவர் தேர்வானார்கள். ஒருவர் இறந்தால் அந்தக் குழுவின் பரம்பரைப் பிரபுக்கள் மட்டும் வாக்களித்து அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பது என்று விதி இருந்தது. 2016-ல் மூன்று வாக்காளர்களோடு நடந்த இடைத்தேர்தலுக்கு அதுதான் காரணம். ஜெயித்த தர்சோ பிரபுவின் கதையும் தனி. 1999 வரை பிரபுக்கள் சபையில் இருந்தார். வெளியேற்றப்பட்டதும் 2001-ல் மக்களிடம் ஓட்டுக் கேட்டுப் பொதுச்சபைக்குப் போனார். 2015-ல் தோற்றார். மறு ஆண்டு மூன்று ஓட்டில் பழைய சபைக்கே திரும்பினார்.

அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். அப்படி உட்கார்ந்தவர்களால் யாருக்காவது நல்லது நடந்ததா? நடந்தது, அம்மா. மறுக்க முடியாத அளவுக்கு நடந்தது. அதற்காக அந்த முறை சரியாகிவிடாது. நூற்றுக்கணக்கான பிரபுக்கள் சபைப் பக்கமே எட்டிப்பார்க்காமல் பட்டத்தோடு வாழ்ந்து முடித்தார்கள். நல்ல மனிதர் ஒருவர் பிறப்பால் சபைக்கு வந்தது தற்செயல். நாட்டின் சட்டத்தைத் தற்செயலிடம் ஒப்படைக்கக் கூடாது. அவருடைய கட்சியின் கொள்கையே தேர்ந்தெடுக்கப்பட்ட மேலவை வேண்டும் என்பதுதான். 2024-ல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, எஞ்சியிருந்த பரம்பரை இடங்களையும் நீக்கும் மசோதாவைக் கொண்டுவந்தது. அது நியாயம் என்றே நினைக்கிறேன். அதே சமயம், இடத்தை நீக்கினால் போதாது. ஓட்டில்லாதவர்களுக்காகப் பேசுகிறவர்களுக்கு ஒரு சபையில் எப்படி இடம் தருவது என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது. ஓட்டுக்காக நிற்கிறவரால் சாலையோர ஜிப்சிக்காகவும் விமான நிலைய அகதிக்காகவும் எத்தனை நாள் பேச முடியும்? 1968-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினராக இருந்தபோதே லப்பக் அதைச் செய்தார் என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. முடியாத காரியம் இல்லை, துணிச்சல் வேண்டும்.

1987-ல் அவர் ஒரு விருப்பத்தைத் தெரிவித்தார். தாம் இறந்த பிறகு உடலை லண்டனின் பேட்டர்சீ நாய்கள் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாம், அங்கிருக்கும் நாய்களுக்கு உணவாகட்டும் என்றார். காப்பகம் ஏற்கவில்லை. கேட்டவர்கள் அதை ஒரு பிரபுவின் கிறுக்கு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கென்று எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாத ஒருவர், கடைசியில் மிஞ்சுகிற உடம்பும் யாருக்காவது உதவட்டும் என்று நினைத்ததாகத்தான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

அவர் இரு சபைகளிலும் பேசியவையும் கேட்டவையும் ஹன்சார்ட் என்ற நாடாளுமன்றப் பதிவேட்டில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சபையில் ஒரு கேள்வியை எப்படிச் சுருக்கமாக, அமைச்சர் நழுவ முடியாதபடி கேட்பது என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம்.

லண்டனிலும் பிற ஊர்களிலும் வாழும் நம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் உங்கள் குடும்பத்தின் அகதி மனுவுக்காக யாராவது ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், ஒரு பிரபு, ஒரு கவுன்சிலர் எழுதித் தந்த கடிதம் உங்கள் பழைய பைலில் இருக்கலாம். ‘ஏவ்பரி’ என்ற ஒற்றைச் சொல் கையெழுத்தோடும் இருக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நகல் எடுத்து, அந்தக் கடிதம் வந்த சூழலைப் பற்றி நாலு வரி சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். வருகிறவற்றைத் தொகுத்து இங்கேயே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்